வகுக்காமல் அறிவது

அன்புள்ள கயல்விழிக்கு,

வகுத்துப் பார்க்காமலே ஓர் எண்ணைப் பகா எண் என்று சொல்லிவிடுவது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. எண் பெரிதாகிவிட்டால் அதைவிட நம்பகமான வழியே கிடையாது. 170141183460469231731687303715884105727 என்ற எண்ணைப் பார். 2-இன் 127ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது, 39 இலக்கம். வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்று படித்திருப்பாய். இதன் வர்க்கமூலமே 20 இலக்கம்! நொடிக்கு நூறு கோடி எண்களால் வகுக்கும் கணினிக்கும் 400 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். ஆனால் பிரான்ஸைச் சேர்ந்த எடுவார்ட் லூக்கா 1876-இல், கைக்கணக்காகவே, இதைப் பகா எண் என்று காட்டினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எவருக்கும் தெரியாது.

வகுத்திகளைத் தேடுவதையே அவர் கைவிட்டார். 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கான அவருடைய முறையை 1930-இல் லேமர் என்ற கணிதவியலாளர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள், மறுபடி அதையே செய். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளின் முடிவில் பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2-இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 31-க்கு மூன்றே படி: 4, 14, 8, பூச்சியம். நம் 39 இலக்க எண்ணுக்கு 125 படி.

பூச்சியம் தற்செயலாக வந்திருக்கலாமே என்பாய். வராது. 31-ஐயே எடுத்துக்கொள். கடைசியில் பூச்சியம் வந்தால், இரண்டிரண்டு மீதிகளாக எழுதக்கூடிய இணைகளில் 32 வெவ்வேறு இணைகள் கொண்ட ஒரு சுற்று இருந்தே ஆக வேண்டும் என்று நிறுவலாம். 31-க்கு வகுத்தி இருந்தால் அதில் ஒன்று 5-ஐத் தாண்டாது. அந்த வகுத்தியின் மீதிகளை வைத்து 25 இணைகளுக்கு மேல் அமைக்க முடியாது. 25 இடத்தில் 32 எப்படி அடங்கும்? எந்த அடுக்குக்கும் இதே நெரிசல்தான்.

‘இல்லை’ என்ற விடைக்கு மட்டும் வகுத்தியைக் காட்ட வேண்டாமா என்பது அடுத்த ஐயம். 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை மெர்சென் என்ற அறிஞர் 1644-இல் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார். அது தவறு என்று லூக்கா 1876-இல் கண்டார்; ஒரு வகுத்திகூட அவர் கையில் இல்லை. 1903-இல்தான் ஃப்ராங்க் நெல்சன் கோல் 193707721, 761838257287 என்ற இரண்டையும் பெருக்கிக் காட்டினார். வகுத்தி இருக்கிறது என்று அறிவதும் அதைக் கண்டெடுப்பதும் வேறு வேறு வேலைகள், இரண்டாவதுதான் கடினம்.

ஒரே ஓர் ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன்: கணக்கில் பிழை நேரலாம். ஓர் இலக்கம் பிசகினாலும் அதற்குப் பின் வரும் மீதிகள் எல்லாம் கெட்டுவிடும். அதனால்தான் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 2-இன் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த, 4,10,24,320 இலக்கப் பகா எண்ணை வேறு நிரல்களாலும் வேறு கணினிகளாலும் திரும்பச் சோதித்தார்கள். ஆனால் பிசகிய கணக்கு தானாகப் பூச்சியத்தில் போய் முடிவது அநேகமாக நடக்காத காரியம். பகா எண்ணை ‘இல்லை’ என்று தள்ளிவிடுவதே அதற்கு எளிது. ஆகவே பூச்சியம் வந்தது என்பவரைவிட, வரவில்லை என்பவரிடம்தான் கணக்குத்தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா