பொம்மையார்பாளையப் பகுதியின் நிலத்தடி ஜலமும் அதைக் காக்கும் வழியும்

வானூர் தாலுக்காவின் கடற்கரைக் கிராமமாகிய பொம்மையார்பாளையத்தில் ஆழ்கிணறு வைத்திருப்போர் முதலில் அறியவேண்டியது யாதெனில், அக்கிணற்று ஜலத்தில் பெரும்பாகம் மேற்கேயுள்ள மேட்டு நிலங்களில் பெய்து, பூமிக்குள் இறங்கி வந்த மழையேயாம்.

இதற்குக் காரணம் பாறைகளின் அமைப்பு. செஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் பூமிக்கடியில் இருப்பது கடினமான பாறை. அதில் வெடிப்புகளிலும், மேலே உக்கிய பாகத்திலும் மட்டுமே ஜலம் தங்கும். கிழக்கே செல்லச் செல்ல அப்பாறை ஆழத்தில் மறைகிறது. அதன்மேல் வானூர் மணற்கல்லும், சுண்ணாம்புக்கல், களிமண் முதலிய அடுக்குகளும், யாவற்றிற்கும் மேலே கடலூர் மணற்கல்லும் அமைந்துள்ளன. திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடப்பது இம்மேலடுக்கிலேயே. இவ்வடுக்குகள் கடலை நோக்கிச் சிறிது சரிந்திருப்பதால், மணற்கல்லில் இறங்கிய ஜலம் மெல்லக் கிழக்கே வருகிறது.

இவ்வரவு குறைந்தால் வரும் கேடு உப்பாகும். நல்ல ஜலம் கடல் ஜலத்தைவிட 40இல் 1 பங்கு இலேசானது. ஆகையால் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நல்ல ஜலம் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை உப்பு ஜலம் ஏறாது. அந்த 1 அடியையும் இறைத்துத் தீர்த்தால், கீழுள்ள உப்பு மேலேறும். ஒருமுறை உப்பேறிய கிணறு தெளியப் பல ஆண்டுகள் செல்லும்.

ஓர் ஏக்கரில் பெய்யும் 1 அங்குல மழை, 1 லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகமாகும். செம்மண் மேட்டில் மரமும் புல்லும் அழிந்தால் மேல்மண் இறுகி, இந்த ஜலம் உள்ளிறங்காமல் மண்ணை அறுத்துக்கொண்டு கடலில் சேரும். பொம்மையார்பாளையத்துச் செம்மண் பள்ளங்களே இதற்குச் சாட்சி. அருகிலுள்ள ஆரோவில்லில், 1968ஆம் ஆண்டுக்குப் பின் வரப்புகள் போட்டு மரம் வளர்த்ததால், வறண்டு கிடந்த மேடு தோப்பும் காடுமாக மாறிற்று.

ஆகவே நிலமுடையோர் செய்யத்தக்கவை:

1. ஐப்பசி மழைக்கு முன்பே, முந்திரி, மணிலா பயிராகும் மேட்டு நிலங்களில் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடவேண்டும்.

2. கோடையில் கடலோரக் கிணறுகளை இடைவிடாது இறைக்காமல், ஜலம் ஊற அவகாசம் விடவேண்டும்.

3. ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், கிணற்று ஜலத்தின் உப்பைப் பரிசோதிக்கச் செய்து குறித்துவைக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் ஏரிகளின் வரத்து வாய்க்கால்களை ஆக்கிரமிப்பின்றிக் காப்பது அவசியம். மேட்டு நிலத்துக்காரர் போடும் வரப்பு கடலோரத்தாரின் கிணற்றையும் காக்குமாதலால், இவ்வேலையை ஊர்கள் கூடிச் செய்வதே உத்தமம்.