ஈரத் துண்டு

அன்புள்ள மருமகனுக்கு,

அக்கா போனிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். சாரல் பிடித்ததும் பையன்களெல்லாம் பழைய குற்றாலம் கிளம்ப, உங்கப்பா உன்னை மட்டும் விடவில்லை. உன் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். “அவன் அப்பா எதுவுமே கேக்க மாட்டார் மாமா” என்று கூட்டாளியைச் சொல்லிப் பெருமூச்சு விட்டாய்.

உன் வயசில் நானும் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு சைக்கிள் மிதித்தவன்தான். சிவந்த கண்ணும் பைக்குள் கிடந்த ஈரத் துண்டும் காட்டிக்கொடுத்தன. உன் தாத்தா பெல்ட்டைக் கழற்றினார். அந்த அடியில் நான் கற்றது ஒன்றுதான்: அடுத்த தடவை துண்டைக் கூட்டாளி வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கூட்டாளி வீட்டில் எந்தக் கேள்வியும் கிடையாது. எங்களுக்கெல்லாம் பொறாமை. ஒருநாள் ஐந்தருவிப் பாறையில் வழுக்கி அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மூன்று நாள் இடது கையால் சாப்பிட்டான். வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நாலாம் நாள் பார்த்துக் கேட்டது எங்க ஆச்சி.

ஆச்சி தடுக்கவும் செய்வாள், காரணமும் சொல்வாள். “மெயின் அருவியில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுந்தா கிட்டயே போகாதே. இங்க வெயிலடிக்கும், மலைமேல பெய்யும். தண்ணி கலங்கிச் சருகும் சுள்ளியும் வந்துச்சுன்னா, துண்டெடுக்கக்கூட நிக்காம ஏறிரு.” அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அதற்குத் தேவை வரவில்லை.

1960களில் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் பெற்றோரை மூன்று விதமாகப் பிரித்தார்: அடக்கி வைப்பவர், அவிழ்த்துவிடுபவர், காரணம் சொல்லிக் கண்டிப்பவர். ஆச்சி மூன்றாவது ரகம். ஆனால் பாம்ரிண்ட் முதலில் கவனித்தது சின்னப் பிள்ளைகளை. உனக்குப் பொருந்துவது, 2000ஆம் ஆண்டில் சுவீடனில் ஸ்டாட்டினும் கெர்ரும் 14 வயதுப் பிள்ளைகளிடம் கண்டது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிவதில் பெரும்பங்கு, வேவு பார்த்துத் தெரிந்ததல்ல. பிள்ளை தானாக வந்து சொன்னது. போனைப் பிடுங்குகிற அப்பாக்கள் இதையெல்லாம் படிப்பதில்லை, அது வேறு விஷயம்.

உங்கப்பா செய்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் உன் தாத்தா மாதிரி ஆளில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் இறங்கி உன் வயசுப் பையன் ஒருவன் போனானே, அந்த வீடியோவை ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாராம், அக்கா சொன்னாள். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சத்தம்தான் வரும்.

காரணத்தை நீயாகக் கேள். சாப்பிடும்போது வேண்டாம், கடை சாத்திவிட்டு வந்து திண்ணையில் உட்காருவாரே, அப்போது. எந்த அருவி, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அவர் கேட்குமுன் சொல்லிவிடு. முதல் தடவை அப்படியும் வேண்டாம் என்பார். அடுத்த ஞாயிறு அவரையும் கூப்பிட்டுப் பார். அருவியில் தலை காட்டிப் பத்து வருஷம் ஆகிறதாம். துண்டு இரண்டாக எடுத்துக்கொள்.

அன்புடன்,
மாமா