தூண்டிலில் வந்த வெளிநாட்டு மீன்



கோடை விடுமுறையில் குடும்பத்தோடு நாகமரைக்கு மீன் பிடிக்கப் போனோம். அப்பா, அம்மா, ஆயா, மாமா, நான், தம்பி என ஆறு பேர். பென்னாகரத்தில் பஸ் ஏறி ஏரியூர் வழியாகப் போனால் ரோடு முடிகிற இடத்தில் தண்ணீர். அது காவிரிதான், ஆனால் ஓடாத காவிரி. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்ததிலிருந்து அந்தத் தண்ணீர் நம் மாவட்டத்துக்குள்ளும் தேங்கி நிற்கிறது. அணையின் முழு அளவு 120 அடி. கோடையில் நன்றாகக் குறைந்துவிட்டால் அக்கரையில் பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடக்கும் பழைய கோயில் நந்தி வெளியே தெரியும். நாங்கள் போனபோது தெரியவில்லை. தம்பிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

அங்கே யார் வேண்டுமானாலும் வலை போட முடியாது. மாமாவின் சிநேகிதர் ஒருவர் லைசென்ஸ் உள்ள மீனவர். அவர் பரிசல் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். மூங்கில் கழி, நரம்பு, முள், மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு. இரைக்கு மண்புழுவும் கோழிக் குடலும். குடல் நாற்றம் தாங்காமல் அம்மா தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் விரால் பற்றிச் சொல்கிறேன். பாசி ஓரத்தில் தண்ணீர் மேல் செம்மண் கரைத்தது போல ஒரு திட்டு அசைந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் விரால் குஞ்சுகள்! நான் தூண்டிலை வீசப் போனேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், அங்க போடாத. அடியில தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அதுங்களப் புடிச்சா குஞ்சு பூராவும் போயிடும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பெரிய விரால் ஒன்று 'களக்' என்று மேலே வந்து போனது. மூச்சு விட வருகிறதாம். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். மீனும் முழுகிச் சாகும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மதியத்துக்குள் நாலு ஜிலேபியும் மூன்று கெளுத்தியும் கிடைத்தன. கெளுத்தியைக் கழற்றும்போது அதன் செவுள் பக்கத்து முள் தம்பி விரலில் குத்திவிட்டது. ஆயா சுண்ணாம்பு தேடினார். மீனவர் மாமா, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து விரலை முக்கச் சொன்னார். அரை மணியில் கடுப்பு இறங்கியது. அந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகுமாம்.

சாயங்காலம் அப்பாவின் கழி வில்லாக வளைந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் இழுத்தார்கள். இரண்டரை அடி நீளம், கறுப்புத் திட்டுத் திட்டான உடம்பு, தட்டைத் தலை, மீசை. "பெரிய கெளுத்தி!" என்று நான் கத்தினேன். மீனவர் மாமா முகம் சுளித்தார். "இது நம்மூர்து இல்ல. ஆப்பிரிக்கக் கெளுத்தி."

அடையாளம் அவரே காட்டினார். மீசையை எண்ணிப் பயனில்லை, இரண்டுக்கும் எட்டுதான். முதுகைப் பார்க்க வேண்டும். நாம் பிடித்த கெளுத்திக்கு முதுகில் முள்ளோடு குட்டையான துடுப்பு, அதற்குப் பின்னால் சதைத் துடுப்பு ஒன்று. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு ஒரே நீளத் துடுப்பு, தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை போகும். நம் நாட்டிலும் இதே சாயலில் ஒரு சாதி உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஒரு அடிக்குள்தான் இருக்கும்.

இதை வளர்க்க இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து தடை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் திருட்டுத்தனமாக வளர்த்த குட்டைகளை அதிகாரிகள் அழித்திருக்கிறார்கள். குஞ்சு, முட்டை, தவளை எதையும் விடாமல் தின்னும். சேற்றிலும் பிழைக்கும், ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போகும்.

ஆனால் அது பக்கெட்டில் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆயா, "உசுரு இருக்கிற ஜீவன்டா, தண்ணியிலயே விட்டுடுங்க" என்றார். தம்பி, "நம்ம ஊரு ஏரியில விடலாம்ப்பா, வளரட்டும்" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு சந்தையில் உயிரோடு விற்ற 'கெளுத்திக் குஞ்சு' நாலு வாங்கி நானும் தம்பியும்தான் ஊர் ஏரியில் விட்டோம். அதற்கும் முதுகு முழுக்க ஒரே துடுப்பு. நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது ஏரியில் கெண்டைக்குஞ்சு முன்பு போலக் கண்ணில் படுவதில்லை. அதற்கு அந்த நாலுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இதை அங்கேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "விட வேண்டாம்ப்பா" என்றேன். மீனவர் மாமா கட்டையால் ஒரே அடி. ஆயா திரும்பிக்கொண்டார். கரையிலிருந்து தள்ளிக் குழி தோண்டிப் புதைத்தோம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். அமெரிக்காவில் 'பாஸ்' என்று ஒரு மீன், நம் விரால் போலவே பாசியில் பதுங்கி இரை பிடிக்கும். குடும்பம் குடும்பமாகப் போய் ரப்பர் தவளை போட்டு அதைப் பிடிப்பார்கள். அந்த நாட்டில் விரால்தான் வேண்டாத விருந்தாளி! சூப் வைக்க உயிரோடு வாங்கிய இரண்டு சீன விராலை ஒருவர் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு குளத்தில் விட்டுவிட்டார். 2002-இல் அந்தக் குளத்தில் மருந்து கலந்து மீன்களை அழித்தபோது ஆயிரத்துக்கும் மேல் விரால் குஞ்சுகள் இருந்தன. அவர் விட்டது இரண்டு. நாங்கள் விட்டது நாலு.

அடுத்த கோடையில் ஏரி வற்றும்போது வலை போட்டுத் தேடலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். வலை இழுக்க ஆள் வேண்டும். வர விருப்பமுள்ளவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்