இறுதிக்கால விருப்பங்களைக் குடும்பத்தோடு பேசி வைப்போம்

“யாருக்கும் பாரமாக இல்லாமல், கை கால் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்” என்று சொல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் குறைவு. அதைக் கேட்டவுடன், “அப்படியெல்லாம் பேசாதீர்கள், நூறு வயது இருப்பீர்கள்” என்று சொல்லிப் பேச்சை நிறுத்திவிடுவதும் நம் வழக்கம். அன்பினால்தான் அவ்வாறு செய்கிறோம். ஆயினும், அந்தப் பெரியவர் ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தார். அது பாதியில் நின்றுவிட்டது. எதை அவர் பாரம் என்று கருதுகிறார், எந்த நிலையில் உயிரோடிருப்பது அவருக்குப் பொறுக்க முடியாதது, எதற்காக எவ்வளவு துன்பத்தையும் தாங்கிக்கொள்வார் என்பவற்றை நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்காமல் விட்ட அக்கேள்விகள் பின்னொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எழுகின்றன. அப்போது விடை சொல்ல வேண்டியவர் நினைவிழந்து உள்ளே படுத்திருக்கிறார்.

பேசாமல் விட்டால் நேர்வது

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எழுபத்து நான்கு வயதான தந்தை ஒருவருக்குப் பல ஆண்டுகளாக நுரையீரல் அடைப்பு நோய். ஓராண்டுக்குள் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியவர். நான்காம் முறை மூச்சுத்திணறல் முற்றி, நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்படுகிறார். வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியைப் பொருத்தலாமா என்று மருத்துவர் கேட்கிறார். பொருத்திய பின் கருவியின்றி அவரால் மூச்சுவிட இயலாமலே போகலாம் என்பதையும் விளக்குகிறார். உடனிருந்து கவனித்துவந்த மகள், “அப்பா போதும் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், இனியும் அவரை வதைக்க வேண்டாம்” என்கிறார். வெளியூரிலிருந்து விரைந்து வந்த மூத்த மகன், “எவ்வளவு செலவானாலும் செய்யுங்கள், அப்பாவை அப்படியே விட்டுவிட முடியாது” என்கிறார். இளைய மகன் இருவருக்கும் நடுவே பேச்சற்று நிற்கிறார். தாயை யாரும் கேட்கவில்லை.

மூவரும் தந்தையின்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். அவர்களிடம் இல்லாதது தந்தையின் சொல் ஒன்றே. அது இல்லாதபோது ஒவ்வொருவரும் தத்தம் அச்சத்தையும் கடமையுணர்வையும் கொண்டே பேசுகின்றனர். எம்முடிவை எடுத்தாலும், “நாம்தான் அப்பாவைப் போகவிட்டோமோ” என்றோ, “வீணாக அவரைத் துன்புறுத்திவிட்டோமோ” என்றோ மனம் பல ஆண்டுகள் அரித்துக்கொண்டிருக்கும். இதன் காரணமாகவே உடன்பிறந்தோர் முகம் பார்த்துப் பேசாமற்போன குடும்பங்களும் உண்டு.

தந்தை முன்பே சொல்லி வைத்திருந்தால், பிள்ளைகள் அவருக்காக முடிவெடுக்க வேண்டியதில்லை. அவர் எடுத்த முடிவை மருத்துவரிடம் தெரிவித்தால் போதும். முன்கூட்டியே பேசி வைப்பதால் விளையும் பெரும்பயன் இதுவே.

எதைப் பற்றிப் பேசுவது

இப்பேச்சைச் சிகிச்சைகளின் பெயர்களிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நோயாளி எவற்றைப் பெரிதாக மதிக்கிறார் என்பதிலிருந்து தொடங்குவது நன்று. பின்வரும் கேள்விகள் அதற்கு உதவும்.

1. தம் நோயைப் பற்றி அவர் அறிந்திருப்பது என்ன? இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறார்?
2. வரும் நாள்களை எண்ணும்போது அவருக்குள்ள பெரிய அச்சம் எது? வலியா, தனிமையா, பிறர் கையை எதிர்பார்த்திருப்பதா, குடும்பத்தின் மீது ஏறும் கடனா?
3. எவற்றைச் செய்ய முடிந்தால் வாழ்வதில் பொருள் இருப்பதாகக் கருதுவார்? ஒருவருக்குத் தாமே எழுந்து நடப்பது முக்கியம். மற்றொருவருக்குப் பேரக்குழந்தையை அடையாளம் கண்டு பேசுவதே போதுமானதாக இருக்கலாம்.
4. அவரால் பேச இயலாதபோது அவர் சார்பில் பேச வேண்டியவர் யார்?
5. இறுதி நாள்களை எங்கே கழிக்க விரும்புகிறார்? உடன் யார் இருக்க வேண்டும்?

நான்காம் கேள்விக்கு, “மூத்த மகன்தானே” என்று நாமே விடை சொல்லிவிடுகிறோம். நோயாளியின் விருப்பத்தைத் தம் விருப்பத்திற்கு மேலாக வைத்து, நெருக்கடியிலும் நிதானமாகப் பேசக்கூடியவர் எவரோ அவரே இப்பொறுப்புக்கு ஏற்றவர். அவர் மனைவியாக, மகளாக, மருமகளாக, நெடுநாள் நண்பராகக்கூட இருக்கலாம்.

சில சிகிச்சைகளின் பொருள்

விருப்பத்தைச் சொல்வதற்கு, எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதய இயக்க மீட்பு (சி.பி.ஆர்.): இதயம் நின்றவுடன் நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துவர். திடீரெனச் சரிந்து விழுந்த ஒருவரை இது பிழைக்க வைக்கக்கூடும். ஆனால் நெடுநாள் நோய் முற்றி, உடல் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்த நிலையில் இதயம் நிற்கும்போது பயன் மிகக் குறைவு. முதியவர்களுக்கு விலா எலும்பு முறிவதும் உண்டு.

செயற்கைச் சுவாசம்: தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்திக் கருவியுடன் இணைப்பர். நிமோனியா போன்ற, குணமாகக்கூடிய நோயில் சில நாள்கள் உடலைத் தாங்கி நிற்கும் ஊன்றுகோல் இது. அடிப்படை நோய் குணமாகாததாக இருப்பின், நாள்கள் நீண்டு கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்த நேரிடலாம். குழாய் தொண்டை வழியே இருக்கும் வரை நோயாளியால் பேச இயலாது.

டயாலிசிஸ்: சிறுநீரகத்தின் வேலையைக் கருவி செய்கிறது. பெரும்பாலும் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தேவைப்படும். பலர் இதனால் பல ஆண்டுகள் நலமாக வாழ்கின்றனர். வேறு பெருநோய்களால் மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பெருஞ்சோர்வைத் தரக்கூடும்.

குழாய் வழி உணவு: மூக்கின் வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தி நீருணவு தருவது. “பட்டினி போட்டுவிட்டோமே” என்ற துயரம் நம் குடும்பங்களில் மிகுதி. இறுதி நாள்களில் பசியும் தாகமும் குறைவது உடலின் இயல்பு. அந்நிலையில் வற்புறுத்தி ஊட்டும் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று துன்பம் தரலாம். உதடுகளையும் வாயையும் ஈரமாக வைத்திருப்பதும், விரும்பினால் ஒரு வாய் தருவதுமே அப்போது பேருதவி.

ஒரே சிகிச்சை ஒருவருக்கு மீட்பாகவும் மற்றொருவருக்கு வேதனையின் நீட்சியாகவும் அமைகிறது. எனவே, “எல்லாம் வேண்டும்” அல்லது “எதுவும் வேண்டாம்” என்று மொத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. சில நாள்கள் செய்து பார்த்து, முன்னேற்றம் இல்லையெனில் மறுபரிசீலனை செய்யலாம் என்று மருத்துவரிடம் சொல்லி வைப்பதும் ஏற்கத்தக்க வழியே.

பேச்சை எவ்வாறு தொடங்குவது

நெருக்கடி வருமுன், வீட்டில், அவசரமில்லாத நேரத்தில் தொடங்குவது சிறந்தது. புதிய நோய் கண்டறியப்பட்ட பின்னும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்னும் இயல்பாகவே இதற்கு வாய்ப்பு அமையும். பிள்ளைகள் இவ்வாறு கேட்கலாம்: “அப்பா, போன மாதம் மாமா ஐ.சி.யூ.வில் இருந்ததைப் பார்த்தீர்களே, உங்களுக்கு என்ன தோன்றியது?” பெரியவர்களே தொடங்குவதாயின், “எனக்கு இப்போது ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் நீங்கள் பிறகு தவிக்கக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்” எனலாம்.

முதல் முறை பேச்சு பாதியில் நின்றால் வருந்த வேண்டாம். கண்ணீர் வந்தால் வரட்டும். ஒரே அமர்வில் முடிக்க வேண்டிய வேலையன்று இது. வெளியூரில் உள்ள பிள்ளைகளையும் தொலைபேசி வழியாகவேனும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் காதில் மட்டும் சொன்ன சொல், பின்னாளில் மற்றவர்களால் நம்பப்படாமற்போகலாம்.

“நோயைப் பற்றி அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்” என்று பல குடும்பத்தினர் மருத்துவரிடம் வேண்டிக்கொள்கின்றனர். அவ்வேண்டுகோளின் பின்னுள்ள அன்பு புரிகிறது. ஆயினும், நோயாளிகள் பெரும்பாலும் தம் உடலின் போக்கை உணர்ந்தே இருக்கின்றனர். வீட்டார் வருந்துவர் என்று அவர்களும் மறைக்கின்றனர். இரு தரப்பும் மறைப்பதால், சொல்ல வேண்டியவை சொல்லப்படாமலே காலம் கடந்துவிடுகிறது. “உங்கள் உடல்நிலையைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது எங்களிடம் விட்டுவிடுகிறீர்களா?” என்று அவரையே கேட்பது நேர்மையான வழி. அறிய விரும்பாத உரிமையும் அவருக்கு உண்டு.

சட்டம் சொல்வது

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு தரும் உரிமையில் அடங்கும் எனத் தீர்ப்பளித்து, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்திற்கு ஏற்பளித்தது. அப்போது இருந்த நடைமுறை கடினமாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று அந்நீதிமன்றமே அதனை எளிதாக்கியது. இன்றுள்ள முறையின் சாரம் வருமாறு:

• தெளிந்த மனநிலையில் உள்ள, 18 வயது நிறைந்த எவரும் தாமாக முன்வந்து இதனை எழுதலாம்.
• எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஐயத்திற்கிடமின்றி எழுத வேண்டும். தம் சார்பில் பேச வேண்டியவர்களின் பெயர்களையும் குறிப்பிட வேண்டும்.
• இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற வேண்டும். முன்பு தேவைப்பட்ட நீதித்துறை நடுவரின் கையொப்பம் இப்போது தேவையில்லை.
• பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் நகல் தர வேண்டும். ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியில் இதற்கெனப் பொறுப்பிலுள்ள அலுவலரிடமும் நகல் ஒப்படைக்கப்பட வேண்டும்.
• மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திருத்தவோ விலக்கிக்கொள்ளவோ செய்யலாம்.

நோயாளி முடிவெடுக்கும் ஆற்றலை இழந்து, குணமாகும் வாய்ப்பும் இல்லை என்னும் நிலையில்தான் இவ்வாவணம் பயன்பாட்டுக்கு வரும். அப்போதும் ஒரு மருத்துவர் தனியே முடிவெடுப்பதில்லை. சிகிச்சையளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்களும் அடங்கிய முதற்குழு ஆராயும். பின்னர் இரண்டாம் குழுவொன்றும் ஆராயும். இரு குழுக்களும் கூடுமானவரை 48 மணி நேரத்திற்குள் கருத்துரைக்க வேண்டும். முடிவைச் செயற்படுத்துமுன் நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கப்படும். ஆவணம் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தினரின் இசைவோடு இதே வகையில் முடிவெடுக்க வழியுண்டு. அப்போதும் நோயாளி வாய்மொழியாகச் சொல்லி வைத்தவை குடும்பத்தினருக்குப் பெருந்துணையாகும்.

சொத்து குறித்த உயிலும் இவ்வாவணமும் வேறு வேறு. உயில் ஒருவர் மறைந்த பின்னரே நடைமுறைக்கு வரும். இதுவோ அவர் உயிரோடிருக்கும் காலத்திற்கானது. இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டாம்.

இது கைவிடுதல் ஆகாது

ஊசி போட்டு உயிரைப் போக்குவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். இவ்வாவணத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்தி, நோயை அதன் இயல்பான போக்கில் விடுவதையே இது குறிக்கிறது. அப்போதும் பராமரிப்பு நிற்பதில்லை. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண், மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணிக்கும் வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை இறுதிவரை தொடரும். கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை பயன் தரும். மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் அது குறித்து அஞ்ச வேண்டியதில்லை. இத்தகைய மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கும்பொருட்டு 2014இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது.

“உயிர் வீட்டில்தான் போக வேண்டும்” என்பது பலருடைய விருப்பம். முன்கூட்டியே திட்டமிடாதபோது, கடைசி நேரத்தில் அவசரமாக அழைத்துச் சென்று, வலிக்கு மருந்தின்றி நோயாளி தவிக்க நேரிடுகிறது. முன்பே தெரிவித்தால் தேவையான மருந்துகள், அவற்றைக் கொடுக்கும் முறை, இரவில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றோடு வீட்டுக்கு அனுப்ப எங்களால் இயலும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை அளிப்பது சேர்க்கப்பட்டுள்ளது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

இவ்வாரம் செய்யத்தக்கவை

மேலே தந்துள்ள ஐந்து கேள்விகளுக்கும் உங்கள் விடைகளை ஒரு தாளில் எழுதுங்கள். நோயாளி மட்டுமன்றி, அவரைக் கவனித்துக்கொள்பவரும் தமக்கெனத் தனியே எழுதுவது நல்லது. இருவரும் எழுதினால் பேச்சு எளிதாகிறது. பிறகு தாள்களை மாற்றிப் படித்து, வியப்பளித்த ஒரு விடையைப் பற்றியேனும் பேசுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அத்தாளைக் கொண்டுவாருங்கள். ஐயங்களை விளக்கி, விரும்பினால் சட்டப்படியான ஆவணமாக்குவதற்கும் வழிகாட்டுகிறோம். நோயின் நிலை மாறும்போதும், ஆண்டுக்கு ஒரு முறையும் அதனை மீண்டும் படித்துப் பாருங்கள். சென்ற ஆண்டு எழுதிய விருப்பம் இவ்வாண்டு மாறியிருந்தால், அதையும் வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.