காப்பி முடிந்தது என்றால் எழுதி முடிந்ததா?

லினக்ஸ் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், என் தங்கையின் வளைகாப்புப் படங்களை கேமரா கார்டிலிருந்து நேராக பென் டிரைவில் காப்பி செய்தேன். பிராம்ப்ட் வந்ததும் பென் டிரைவை உருவினேன், கார்டையும் அழித்துவிட்டேன். தங்கை வீட்டில் போட்டுப் பார்த்தால் பைல் பெயர்கள் மட்டும் இருந்தன. ஒரு படம்கூட திறக்கவில்லை.

காரணம் இதுதான். எந்தப் புரோகிராமும் டிஸ்க்கில் தானாக எழுதுவதில்லை. எழுதித் தரும்படி கர்னலிடம் கேட்கிறது. இந்தக் கோரிக்கைக்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். கர்னல் டேட்டாவை ராம் மெமரியில் வாங்கிக்கொண்டு, உடனே "சரி" என்று பதில் தந்துவிடும். டிஸ்க்கில் எழுதுவது பிறகுதான். ரைட் என்ற சிஸ்டம் காலுக்கான மேன் பக்கத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது. படிக்காதது என் தவறு.

நீங்கள் படித்துப் பாருங்கள். டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் மேன் (எம்-ஏ-என்), ஓர் இடைவெளி, 2, மீண்டும் இடைவெளி, சிங்க் (எஸ்-ஒய்-என்-சி) என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 2 என்பது சிஸ்டம் கால்களுக்கான பிரிவு. டெபியன், உபுண்டுவில் பக்கம் கிடைக்காவிட்டால் மேன்பேஜஸ்-டெவ் என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்யவும். வெளியேற க்யூ கீயை அழுத்தவும்.

மெமரியில் காத்திருக்கும் டேட்டாவை டிஸ்க்குக்கு அனுப்புவதுதான் சிங்க். இதில் ஒரு வேடிக்கை உண்டு. போசிக்ஸ் விதிப்படி, எழுதி முடியும் முன்பே சிங்க் திரும்பி வரலாம். அதனால்தான் பழைய யூனிக்ஸ்காரர்கள் அதை மூன்று முறை டைப் செய்வார்கள். டைப் செய்யும் நேரத்தில் டிஸ்க் வேலையை முடித்துவிடுமாம்! லினக்ஸ் அப்படியில்லை. 1995-இல் வந்த 1.3.20 கர்னலிலிருந்து, எழுதி முடியும் வரை சிங்க் காத்திருக்கிறது. விதியைச் சொன்ன அதே மேன் பக்கம், லினக்ஸ் உண்மையில் செய்வதையும், பழைய கர்னல் செய்யாததையும் சேர்த்தே சொல்கிறது. விதியை மட்டும் அச்சிட்டிருந்தால் நாமும் மூன்று முறை தட்டிக்கொண்டிருப்போம்.

இப்படி ஒத்துப்போக வைப்பது சுலபமல்ல. 2004 முதல் பல ஆண்டுகள் இந்தப் பக்கங்களைப் பராமரித்த மைக்கேல் கெரிஸ்க், சிறு புரோகிராம்கள் எழுதி கர்னலைச் சோதித்துப் பார்ப்பார். 2007-இல் 2.6.22 கர்னலில் டைமர்எப்டி என்ற புதிய சிஸ்டம் கால் வந்தது. அதற்குப் பக்கம் எழுதப்போனவர் கோளாறுகளைக் கண்டுபிடித்தார். இம்முறை திருந்தியது பக்கம் அல்ல, கர்னல்! அடுத்த பதிப்பில் அது நிறுத்தப்பட்டு, 2008-இல் 2.6.25-இல் புது வடிவில் வந்தது.

மேன் பக்கத்தின் அடிவரியில் தேதி இருக்கும், அதையும் பாருங்கள். பழைய தேதி என்றால், உங்கள் கர்னல் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். கர்னலின் எண்ணை அறிய யுநேம் (யு-என்-ஏ-எம்-இ), இடைவெளி, மைனஸ் குறி, ஆர் என டைப் செய்யவும்.

பென் டிரைவுக்கு வருவோம். காப்பி முடிந்ததும் ஒரே ஒரு முறை சிங்க் என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிராம்ப்ட் திரும்பி வர சில வினாடிகள், பெரிய பைல் என்றால் சில நிமிடங்கள்கூட ஆகலாம். வந்த பிறகு அன்மவுன்ட் செய்துவிட்டு உருவவும். கேமரா கார்டை அழிப்பது, படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான்.