ஜெராக்ஸில் தோற்கும் வண்ணங்கள்

பாப்பாரப்பட்டி

அன்புள்ள மாணவிக்கு,

நம் ஊர்ப்பக்கத்துப் போர்வெல்களின் ஃபுளோரைடு அளவை நீ வண்ணப்படமாக்கி அனுப்பியது கிடைத்தது. “வானவில் நிறம் மென்பொருளே தருவதுதானே, அதில் என்ன தப்பு?” என்று கேட்டிருக்கிறாய். மென்பொருள் தந்தது என்பதெல்லாம் ஒரு காரணமா?

அந்தப் படத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார். வானவில் வரிசையின் ஒரு முனை கருநீலம், மறுமுனை கருஞ்சிவப்பு. இரண்டுமே இருட்டு நிறங்கள். நடுவிலுள்ள மஞ்சள்தான் வெளுப்பு. ஆகவே கறுப்பு வெள்ளையில் மிக நல்ல தண்ணீரும் மிக மோசமான தண்ணீரும் ஒரே சாம்பலாகிவிடும். பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்போவது ஜெராக்ஸ்தானே? வண்ணத்தில் பார்த்தாலும் தொல்லை தீராது. பச்சை மஞ்சளாகும் இடத்தில், எண்ணில் இல்லாத ஒரு வரப்பு கண்ணுக்குத் தெரியும்; பச்சைக்குள்ளேயே இருக்கும் பெரிய வித்தியாசம் புதைந்துபோகும்.

எண் ஏற ஏற நிறம் ஒரே திசையில், ஒரே சீராகக் கறுக்கவோ வெளுக்கவோ வேண்டும். 1826-லேயே ஷார்ல் துய்பேன் என்பவர் பிரான்சு வரைபடத்தில் இதைச் செய்துவிட்டார்: பள்ளிக்கல்வி குறைந்த இடம் கறுப்பு, மிகுந்த இடம் வெளுப்பு. வண்ணம் இல்லாததுதான் அவரைக் காப்பாற்றியது என்பது என் நெடுநாள் கட்சி. வண்ண அச்சு மலிவானதும் நமக்குப் புத்தி கெட்டது! மேட்பிளாட்லிப் என்ற படம் வரையும் மென்பொருள், தானாகத் தரும் நிறத்தில் வானவில்லைக் கைவிட்டு விரிடிஸ் என்ற நிற வரிசைக்கு மாறியது 2017-ல்தான். அது கருமையான ஊதாவில் தொடங்கி மஞ்சள்வரை சீராக வெளுக்கும்.

ஃபுளோரைடுக்கு உண்மையாகவே ஒரு வரப்பு உண்டு. இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய நீரையே குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் காவி ஏறும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காகத்தான். ஆகவே 1.5-ஐத் தாண்டிய புள்ளிகளுக்குக் கறுப்பு வளையம் போடு. கீழே நீலம், மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை என்று வைத்தால் என்ன என்பாய். ஜெராக்ஸில் அதற்கும் அதே கதிதான்.

ஒரு போர்வெல்லில் மட்டும் 8 வந்தால் மற்றவையெல்லாம் வெளிறிப்போகும். 3-க்கு மேல் எல்லாமே ஒரே கறுப்பு என்று வைத்து, அப்படி வைத்ததை ஓரத்தில் எழுதிவிடு.

போர்வெல்களுக்கு நடுவிலுள்ள நிலத்துக்கும் நிறம் பூசியிருக்கிறாயே, அதை யார் அளந்தது? நம்முடையது கடினப்பாறை பூமி. பக்கத்துக் காட்டுப் போர்வெல்லிலேயே அளவு மாறும். புள்ளிகளோடு நிறுத்து. அளவுகோலின் இரு முனையிலும் எண் எழுது, அலகோடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்