ஓடாத படமும் ஓடிய மனிதனும்

சென்ற குளிர்காலத்தில் எங்கள் விடுதியில் ஒரு சைக்கிள் காணாமற் போயிற்று. சைக்கிள் போவது இங்கே புதுமையன்று. ஆனால் இம்முறை பழி ஓர் ஆளின்மேல் விழுந்தது. உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவும் இளைஞன் ஒருவன் அன்றிரவு 9.40 மணிக்குக் கையில் மூட்டையோடு வாயிலைத் தாண்டி ஓடியது காமிராவில் தெரிகிறது என்றார்கள். "குற்றமில்லாதவன் ஏன் ஓட வேண்டும்?" என்பதே எல்லார் வாயிலும் இருந்த கேள்வி. அவனை வேலையிலிருந்து நீக்கிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

நான் பௌதிகம் படிக்கிறவன், துப்பறிகிறவன் அல்லன். ஆனால் பென்டிரைவில் வந்த இரண்டு கோப்புகளும் முதலில் திறக்கவே இல்லை என்றும், ஒன்றை மட்டும் யாரோ இணையத்தில் அகப்பட்ட இலவச மாற்றுக் கருவியில் இட்டு ஓட வைத்தார்கள் என்றும் கேள்விப்பட்டபோது எனக்கு ஐயம் பிறந்தது. வார்டனிடம் சென்று மூலக் கோப்புகளைக் கேட்டேன். "உனக்கு ஏன் இந்த வம்பு?" என்றார், எனினும் தந்தார். அப்போது கற்றதையே நம் சங்க அன்பர்களுக்கு இங்கே சொல்ல முற்படுகிறேன்.

கோப்பு திறக்கவில்லை என்றால் அது கெட்டுவிட்டது என்று உடனே எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நம் வீடுகளில் பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் சாம்பார்ப் பொடி இருக்குமே, அதனை நினைத்துக்கொள்ளுங்கள். எம்பி4, ஏவிஐ என்பவை புட்டியின் பெயர்கள். உள்ளே இருக்கும் பொடி வேறு, அஃது எச்.264 அல்லது எச்.265 என்னும் சுருக்கமுறை. முன்னது 2003இலும் பின்னது 2013இலும் வகுக்கப்பட்டன. அதே தரமுள்ள படத்தை ஏறத்தாழப் பாதி இடத்தில் அடக்கிவிடுவதால் காமிராக்காரர்களுக்கு எச்.265 மேல் விருப்பம் அதிகம். ஆனால் விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அதனை விரித்துக் காட்டும் கருவி உடன் வருவதில்லை. ஒலி கேட்டு, படம் மட்டும் கறுத்திருந்தால் முதலில் இதனையே ஐயுற வேண்டும். வி.எல்.சி. என்னும் இலவச நிரலில் திறந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பதிவுப் பெட்டி செய்வோர் சிலர் புட்டியையே தம் விருப்பப்படி செய்துகொள்கிறார்கள். பெயர் டிஏவி என்று முடியும் கோப்புகள் அவ்வகையின. இன்னும் சிலர் எம்பி4 என்று பெயர் ஒட்டி, உள்ளே வேறு அமைப்பை வைத்துவிடுகிறார்கள். பெயரை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை. சீட்டை மாற்றினால் பொடி மாறுமா? கோப்பின் முதற் சில பைட்டுகளைப் பார்க்க வேண்டும். உண்மையான எம்பி4 கோப்பாயின், பொதுவாக ஐந்தாம் பைட்டிலிருந்து எஃப், டி, ஒய், பி என்ற நான்கு எழுத்துக்கள் நிற்கும். வாயிற் காமிராவின் கோப்பில் அவை இல்லை. செய்தவர்களின் சொந்த முத்திரையே இருந்தது. அவர்களே பெட்டியோடு தரும் நிரலில் அதனைத் திறந்தேன். தடையின்றி ஓடிற்று.

அதில் அந்த இளைஞன் ஓடவில்லை. நடந்தான்.

காரணம் எளிது. எங்கள் காமிரா வினாடிக்கு 15 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொரு படமும் எந்த நொடிக்கு உரியது என்ற குறிப்பு அந்தச் சொந்தப் புட்டியில் இருக்கிறது. மாற்றுக் கருவி படங்களை மட்டும் உருவிக்கொண்டு குறிப்புகளை எறிந்துவிட்டது. வேகம் தெரியாததால் வினாடிக்கு 25 என்று தானே வைத்துக்கொண்டது. ஆகவே 60 வினாடி நிகழ்ச்சி 36 வினாடியில் முடிகிறது. நடக்கிறவன் ஓடுகிறவன் ஆகிறான். இதனைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. படத்தின் மூலையில் காமிரா பொறித்த மணி ஓடிக்கொண்டிருக்கும். அதனைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டாலே போதும். மாற்றிய படத்தை வார்டன் மேசையில் ஓடவிட்டு அவரையே எண்ணச் சொன்னேன். 36 எண்ணுவதற்குள் மூலையில் ஒரு நிமிடம் கழிந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் மறுபடியும் எண்ணினார்.

இனி, சைக்கிள் நிறுத்துமிடத்துக் கோப்பு. இது உண்மையாகவே எம்பி4. ஆனாலும் எதிலும் திறக்கவில்லை. அதன் அளவைப் பார்த்தேன்: 4 ஜிபிக்கு ஓர் இம்மி குறைவு. ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ் அதற்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை ஒரே கோப்பாக எடுக்க முயன்றிருக்கிறார்கள். பாதி வழியில் அறுந்துவிட்டது. எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கம் ஒன்று உண்டு. பெட்டிகள் பல அதனைக் கடைசியில்தான் எழுதுகின்றன. அஃது எழுதப்படுமுன் அறுந்தால் படங்கள் இருந்தும் இல்லாதவையே. மின்சாரம் நடுவில் நின்றாலும் இதே கதிதான். அதே காமிராவின் நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டி இதனைச் செப்பனிடும் நிரல்கள் உள்ளன. ஆனால் மூலம் பெட்டியில் இருக்கும்போது செப்பனிடுவானேன்?

அந்த மூலத்துக்குத்தான் காலவரையறை உண்டு. ஒரு காமிரா வினாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் மணிக்கு 0.9 ஜிபி, நாளுக்கு 21.6 ஜிபி. நான்கு காமிராவுக்கு 86.4 ஜிபி. 1 டிபி வட்டு பதினொன்றரை நாளில் நிரம்பும். பிறகு பழையதன்மேல் புதியது எழுதப்படும். நாங்கள் பெட்டியிருந்த அறையைத் திறந்தது ஒன்பதாம் நாள். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமேயில்லை. ஒவ்வொரு மணி நேரமாக எடுத்தோம். பெட்டியின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. அதனையும் தாளில் குறித்துக்கொண்டோம்.

சைக்கிள் 11 மணி வரை நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பின்னர்ப் போர்வை போர்த்த ஒருவர் அதனைத் தள்ளிக்கொண்டு போனார், முகம் தெரியவில்லை. அந்த இளைஞனோ, வாயிற் பதிவின்படி, 9.40க்குப் போனவன் காலையில்தான் திரும்பினான்.

வழக்கு என்று வந்தால் மாற்றிய கோப்பைக் கொண்டுபோய்ப் பயனில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே எடுத்த அன்றே ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு எழுதிவைத்து, மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் கைவைக்க வேண்டும். புட்டி மாற்ற வேண்டுமானால் எஃப்எஃப்எம்பெக் நிரலால் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே இடம் மாற்றலாம். வேகத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்க.

சைக்கிள் இன்னும் கிடைக்கவில்லை. இளைஞன் வேலையில் இருக்கிறான். மூட்டையில் இருந்தவை துவைக்க வேண்டிய துணிகளாம். யாரும் முன்னமே அவனைக் கேட்கவில்லை. அவன் 'ஓடும்' படம் மாணவர் பலருடைய கைப்பேசிகளில் இன்னும் இருக்கிறது. அதனை அழித்துவிடும்படி ஒவ்வோர் அறையாகச் சென்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.